விரியாத நரம்பு

என் இடது முன்கையில் ஒரு நரம்பு புடைத்து நிற்கும். மணிக்கட்டில் ஆரம்பித்து முழங்கை வரை போகும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்பவர்கள் ஒருமுறை பார்ப்பார்கள், பிறகு பார்க்காத மாதிரி இருப்பார்கள். சிலர் கேட்பார்கள். ஆபரேஷன் என்பேன். அதோடு விட்டுவிடுவேன். அந்த நரம்பு விரிவதற்கு மூன்று மாதத்துக்கு மேல் ஆயிற்று. ஆறு வாரத்தில் விரிந்திருக்க வேண்டியது. ஏன் அவ்வளவு நாள் ஆயிற்று என்பதைச் சொன்னால், டயாலிசிஸ் ஹாலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

என் பெயர் தேசிங்கு. புதுப்பட்டினத்துக்குப் பக்கத்துக் குப்பம். ஏழாவது வரை பள்ளிக்கூடம், பிறகு கடல். என் மனைவி அஞ்சலை மீன் ஏலம் எடுத்து அணுமின் டவுன்ஷிப் வாசலில் விற்பாள். அவள் தம்பி ஏழுமலையும் நானும் ஒரு ஃபைபர் போட்டில் பங்கு. இஞ்சின் கயிற்றை இழுத்துக் கிளப்புவது நான். சுக்கான் பிடிப்பதும் நான். இரண்டுமே வலது கை வேலை.

குப்பத்தில் நாலைந்து பேரிடம் மட்டும் செல்போன் இருந்த காலம் அது. மழை முடிந்த மாதம், கால் வீங்கியது. வலை இழுத்த வீக்கம் என்று நினைத்தேன். பிறகு சோறு இறங்கவில்லை. வாயில் ஆணியைக் கடித்த ருசி. ஒரு நாள் விடியலில் இஞ்சின் கயிற்றை மூன்று தரம் இழுத்தும் கிளம்பவில்லை. ஏழுமலை ஒரே இழுப்பில் கிளப்பினான்.

"இன்னா மச்சான், வயசாயிடுச்சா?" என்றான்.

எனக்கு நாற்பத்தொன்று.

வீட்டுக்கு வந்ததும் அஞ்சலை என் முகத்தைப் பார்த்தாள். "கண்ணு ரெண்டும் வீங்கிப் போயி கீது. குடிச்சியா?"

"இல்ல."

"பொய் சொன்னா மூஞ்சிலயே தெரியும். இப்ப மூஞ்சியே தெரியல."

கிளினிக்கில் பிரஷர் பார்த்தவர் ஊசிகூடப் போடவில்லை. சீட்டு எழுதிச் செங்கல்பட்டுக்கு அனுப்பிவிட்டார். நாங்கள் போன ஆஸ்பத்திரியின் பெயர் இங்கே வேண்டாம். நல்ல ஆஸ்பத்திரி. ரயில் சத்தம் கேட்கும் தூரம்.

ரத்தம் எடுத்தார்கள். கிரியாட்டினின் என்று ஒன்று பார்ப்பார்கள். சதை உழைக்க உழைக்க ரத்தத்தில் சேரும் அழுக்கு அது. சிறுநீரகம் அதை வெளியே தள்ள வேண்டும். ஒன்றுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது எனக்குப் பதினொன்று இருந்தது. சிறுநீரக டாக்டர் ஒரு பெண். சின்ன வயசு. நாங்கள் டாக்டரம்மா என்போம்.

"உடம்பு வலிக்கு மாத்திரை போடுவீங்களா?" என்று கேட்டார்.

"போடுவேன்."

"எவ்ளோ நாளா?"

"கல்யாணத்துக்கு முன்னேந்து."

எழுதிக்கொண்டார். பிரஷரும் வலி மாத்திரையும் சேர்ந்து இரண்டு சிறுநீரகத்தையும் தீர்த்துவிட்டன என்றார். திட்டவில்லை. இனி வாரம் இரண்டு தரம் மெஷினில் ரத்தத்தைக் கழுவ வேண்டும், அதுதான் டயாலிசிஸ், வாழ்நாள் முழுக்க என்றார். அஞ்சலை, "எத்தினி நாளைக்குமா?" என்று மறுபடி கேட்டாள். டாக்டரம்மா மறுபடி அதையே சொன்னார். "இனிமே வலி மாத்திரை ஒண்ணுகூடக் கூடாது" என்றும் சொன்னார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அஞ்சலை வலி மாத்திரை எல்லாவற்றையும் தேடி எடுத்து அடுப்பில் போட்டாள். படகுப் பெட்டியில் இருந்ததையும் விடவில்லை. அடுப்பிலிருந்து ஒரு நாற்றம் வந்தது. எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை அவள்.

மெஷினுக்கு ரத்தம் நிறைய வேண்டும், வேகமாக வேண்டும். சாதாரண நரம்பில் ஊசி குத்தினால் அந்த வேகம் கிடைக்காது. அதனால் முதலில் கழுத்தில் துளை போட்டு ஒரு குழாய் வைத்தார்கள். வெளியே இரண்டு முனை தொங்கும். பிளாஸ்திரி ஒட்டியிருக்கும். குளிக்க முடியாது. கடலுக்குப் போக முடியாது. சட்டையின் மேல் பட்டனைப் போட முடியாது.

"இது தற்காலிகம்தான்" என்றார் டாக்டரம்மா. "ரொம்ப நாள் வெச்சா கிருமி போகும். கையில நிரந்தரமா ஒரு வழி பண்ணணும்."

நிரந்தர வழி இதுதான். உடம்பில் இரண்டு வகை ரத்தக்குழாய். ஒன்று இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவருவது. அதில் அழுத்தம் அதிகம், ஆழத்தில் இருக்கும். இன்னொன்று திரும்பிப் போவது. அதைத்தான் நாம் நரம்பு என்கிறோம். மேலாக இருக்கும், அழுத்தம் இருக்காது. மணிக்கட்டில் அறுத்து, இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துத் தைத்துவிடுவார்கள். அழுத்தமான ரத்தம் நேராக நரம்புக்குள் பாயும். பாய்ச்சல் தாங்காமல் நரம்பு நாளுக்கு நாள் விரியும், சுவர் தடிக்கும். பென்சில் பருமன் வந்ததும் அதில் ஊசி குத்தலாம். இதற்கு ஃபிஸ்டுலா என்று பெயர். இடது கையில் செய்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டிருந்தார்கள். முழிப்போடுதான் இருந்தேன். கத்தரி சத்தம் கேட்டது. வலி இல்லை.

தையலுக்கு மேல் விரல் வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். இஞ்சின் சும்மா ஓடும்போது போட் பலகையில் கை வைத்தால் ஒரு அதிர்வு இருக்குமே, அது. ரத்தம் போகிறது என்று அர்த்தம். அது நின்றால் உடனே வா என்றார்கள். ரப்பர் பந்து ஒன்று கொடுத்து அமுக்கிக்கொண்டே இருக்கச் சொன்னார்கள்.

இனிதான் நாங்கள் செய்தது.

எங்கள் குப்பத்தில் காயம் என்றால் எல்லோருக்கும் பயம் ஒன்றுதான்: சீழ். கெளுத்தி முள் குத்தும். திருக்கை வால் அடிக்கும். தூண்டில் முள் ஏறும். உப்புத் தண்ணீரிலேயே கிடக்கும் கை, ஆறாது. என் சித்தப்பாவுக்கு ஒரு விரல் அப்படித்தான் போயிற்று. அதனால் எந்தப் படகுப் பெட்டியைத் திறந்தாலும் ஸ்பேனர், பிளக், தீப்பெட்டியோடு ஒரு பட்டை பச்சை மாத்திரை இருக்கும். உள்ளே பொடி வைத்த குப்பி மாத்திரை. கடையில் கலரைச் சொன்னால் கொடுப்பார்கள். நாங்கள் சீழ் மாத்திரை என்போம். முள் குத்தினால் ஒன்றை உடைத்துக் காயத்தில் தூவுவோம், இரண்டை முழுங்குவோம். காயம் மூடும்வரை நிறுத்த மாட்டோம். மஞ்சள் பூசுவது எப்படி மருந்தில்லையோ, இதுவும் எங்களுக்கு மருந்தில்லை. மருந்து என்றால் டாக்டர் சீட்டில் எழுதுவது.

கையை அறுத்துத் தைத்திருக்கிறது. கழுத்தில் திறந்த துளை. இதைவிடப் பெரிய காயம் என்ன? அஞ்சலை அன்றைக்கே ஒரு பெட்டி வாங்கிவிட்டாள். காலையில் ஒன்று, விளக்கு வைத்ததும் ஒன்று. தானே பிரித்து என் உள்ளங்கையில் வைப்பாள். முழுங்கும்வரை நிற்பாள். பத்து நாளில் கைத்தையல் ஆறியது. கழுத்துத் துளை ஆறவில்லை, குழாய் இருக்கும்வரை ஆறாது. அதனால் மாத்திரையும் நிற்கவில்லை.

போட்டில் என் வேலையையும் ஏழுமலை பார்த்தான். வாரம் இரண்டு நாள் செங்கல்பட்டு. விடியற்காலை பஸ், திருக்கழுக்குன்றம் வழியாக. நான்கு மணி நேரம் மெஷின். திரும்பி வந்தால் ஈரத்துணி மாதிரி கிடப்பேன். மறுநாள் கொஞ்சம் நடப்பேன். அதற்கு மறுநாள் மறுபடி கால் வீங்க ஆரம்பிக்கும். நாட்கள் அப்படித்தான் போயின. தண்ணீர் நாளைக்கு நாலு டம்ளர்தான். கடற்கரையில் உட்கார்ந்து அதைக் கணக்குப் பார்த்துக் குடிப்பேன்.

ஹாலில் ஒரு கலா சிஸ்டர். வாய் அதிகம், கை வேலை சுத்தம். ஆறாவது வாரம் என் முழங்கைக்கு மேல் ரப்பர் கட்டி நரம்பைத் தடவிப் பார்த்தாள்.

"இன்னாண்ணா இது, நூல் மாதிரி கீது! பந்த அமுக்கினீங்களா, இல்ல தலைக்கு வெச்சுப் படுத்தீங்களா?"

"அமுக்கினேன்."

"இவரு அமுக்கி அமுக்கி பந்துதான் இளைச்சுப் போச்சு" என்றாள் அஞ்சலை. அது உண்மை. அது இரண்டாவது பந்து.

எட்டாவது வாரம் மெஷினில் இருக்கும்போதே குளிர் அடித்தது. பல் கிட்டித்தது. கட்டில் ஆடியது. கழுத்துக் குழாய் வழியாகக் கிருமி ரத்தத்தில் போயிருந்தது. குழாயை எடுத்துவிட்டுக் கழுத்தின் மறுபக்கம் வேறு குழாய் வைத்தார்கள். ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். அஞ்சலை கட்டிலுக்குக் கீழே பாய் போட்டிருந்தாள். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவிக்கு அவளே கஞ்சி வாங்கி வருவாள். ஏழுமலை ஞாயிற்றுக்கிழமை சுட்ட மீனும் வறுத்த மீனும் கொண்டுவந்தான். எதையும் எனக்குத் தரக் கூடாது. சிஸ்டர்கள் சாப்பிட்டார்கள். அந்த ஒன்பது நாளும் பச்சை மாத்திரை அஞ்சலையின் சுருக்குப்பையில் இருந்தது. கேட்டிருந்தால் காட்டியிருப்பாள். மறைக்கவில்லை.

டிஸ்சார்ஜ் நாளில் டாக்டரம்மா எங்கள் இருவரையும் உட்கார வைத்தார்.

"கழுத்துல ரெண்டு பக்கமும் போட்டாச்சு. ஒவ்வொரு தடவை போடறப்பவும் அங்க இருக்கிற ரத்தக்குழாய் சுருங்கும். மூணாவது, நாலாவதுன்னு போயிட்டே இருக்க முடியாது. கை ரெடியாகணும்."

கைக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்திருந்தார்கள். தையல் இடத்தில் அடைப்பு இல்லை. சுருக்கம் இல்லை. ரத்தம் நன்றாகவே பாய்கிறது.

"பாதை நல்லா இருக்கு, ஓட்டம் இருக்கு. ஆனா நரம்பு விரிய மாட்டேங்குது. அதான் புரியல" என்றார். "இன்னும் ஒரு மாசம் பாக்கலாம். இல்லன்னா வலது கையில பண்ணிடுவோம்."

"வலது கைல பண்ணா கயிறு இழுக்கலாமா?" என்றேன்.

"கூடாது. வெயிட்டும் தூக்கக் கூடாது. அந்தக் கையைப் பொத்திப் பொத்தி வெச்சுக்கணும்."

இடது கை ஏற்கனவே போயிற்று. வலதும் போனால் சோற்றைப் பிசைய மட்டும்தான் கை.

"நாங்க எழுதினது தவிர வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?" என்று கேட்டார். நேராகத்தான் கேட்டார்.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணும் கெடையாதும்மா" என்றாள் அஞ்சலையும். "வலி மாத்திரைய நான் அன்னிக்கே அடுப்புல போட்டேன்."

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அதுதான் விஷயம்.

அடுத்த வாரம், மெஷினுக்குப் போகுமுன் காத்திருக்கும் கூடத்தில்தான் அது வெளியே வந்தது. டவுன்ஷிப்பில் வேலை பார்க்கும் ஒருவர் புதிதாக வந்திருந்தார். கோயம்புத்தூர்ப் பக்கம். அவருக்கும் கையில் தைத்து நாலு நாள் ஆகியிருந்தது. கட்டு ஓரத்தில் கொஞ்சம் நீர் கசிந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அஞ்சலைக்கு அவரை மீன் விற்கும் இடத்தில் பழக்கம்.

"இன்னா சார், நம்ம கடைக்கு வர்ற மாதிரியே இங்கயும் வந்துகினு கீறீங்க?"

"வரணும்னு எழுதியிருக்குதுங்க" என்றார்.

"கையி நீர் வுடுதே. சீழ் புடிச்சிக்கும் சார்." சுருக்குப்பையை அவிழ்த்தாள். பட்டையிலிருந்து நாலைக் கிழித்து நீட்டினாள். "இத காலைல ஒண்ணு, சாய்ந்தரம் ஒண்ணு போடுங்க. எங்க வூட்டுக்காரருக்கு கைய அறுத்த அன்னிலேர்ந்து தெனம் குடுத்துகினு கீறேன். ஒரு பொட்டு சீழ் கெடையாது."

"வேண்டாங்க. டாக்டரம்மாவக் கேட்டுட்டுப் போட்டுக்கறேனுங்க."

"இதுக்கெல்லாம் டாக்டர கேப்பாங்களா? உங்க கிட்ட காசா கேக்கறேன்?"

கலா சிஸ்டர் பேர் கூப்பிட வந்தவள் அங்கேயே நின்றாள். அஞ்சலை கையிலிருந்து பட்டையை வாங்கிப் பின்பக்கம் திருப்பிப் படித்தாள். டாக்சிசைக்ளின் என்று எழுதியிருந்தது.

"தெனமுமாக்கா?"

"தெனமும்."

"எவ்ளோ நாளா?"

"ரெண்டு மாசத்துக்கு மேல இருக்கும். இன்னா சிஸ்டர்?"

சிஸ்டர் பட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். இன்றைக்கு அவள் வாயாடவில்லையே என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

டாக்டரம்மா மெஷின் பக்கத்துக்கே வந்தார். நான் படுத்திருந்தேன். அஞ்சலையையும் உள்ளே கூப்பிட்டார். பட்டை அவர் கையில் இருந்தது.

"இது கெட்ட மாத்திரை இல்ல. கிட்னியையும் இது கெடுக்கல. கிருமிக்கு நாங்களே எழுதறதுதான். ஆனா இதுக்கு இன்னொரு வேலையும் இருக்கு" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க வலை பின்னுவீங்கல்ல?" என்றார்.

"பின்னுவேன்."

"ரத்தக்குழாயோட சுவரும் ஒரு வலைதான். நல்லா இறுக்கிப் பின்னினது. ஓட்டம் அதிகமானா குழாய் பெருசாகணும். பெருசாகணும்னா அந்த வலை என்னாகணும்?"

"மொதல்ல அறுக்கணும். பழைய முடிச்ச அறுத்து எடுத்தாதான் அகலமாப் பின்ன முடியும்."

"அதேதான். அறுக்கறதுக்கு உடம்புலயே ஒரு கத்தரி இருக்கு. என்சைம்னு சொல்வோம். ஓட்டம் அதிகமானதும் அந்தக் கத்தரி வேலை செய்யும். பழைய முடிச்ச அவுக்கும், சுவர் இளகும், குழாய் விரியும். அப்புறம் உடம்பு புதுசாப் பின்னிக்கும். இந்த மாத்திரை கிருமியைப் புடிக்கிற மாதிரி அந்தக் கத்தரியையும் புடிச்சுக் கட்டிடும்."

"கட்டிப்போட்டா?" என்றாள் அஞ்சலை.

"பாய்ச்சல் இருக்கும். விரியறது குறையும்."

டாக்டரம்மா பட்டையை மறுபடி திருப்பிப் பார்த்தார்.

"சில பேருக்கு வயித்துல பெரிய ரத்தக்குழாய் ஊதிட்டே போகும். அவங்களுக்கு இது நல்லதோன்னுகூட யோசிக்கறாங்க. ஊதாம புடிச்சு வெக்கும்னு. உங்களுக்கு ஊதணும்" என்றார். பிறகு, "இதனாலதான்னு நான் அடிச்சுச் சொல்லல. எலிங்ககிட்ட பாத்த விஷயம் இது. எந்த மாத்திரையும் போடாமலே விரியாத கையும் இருக்கு. ஆனா இன்னிலேர்ந்து இதை நிறுத்திடுங்க. ஒரு மாசம் இருக்கு, பாக்கலாம்" என்றார்.

அஞ்சலை சுருக்குப்பையைத் தலைகீழாக உதறினாள். இன்னும் ஒரு பட்டையும் பஸ் டிக்கெட்டும் விழுந்தன. பட்டையை மட்டும் எடுத்து மெஷின் மேல் வைத்துவிட்டு வெளியே போனாள்.

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசுவது குறைந்தது. கோபம் இல்லை. சோறு போடுவாள். பிரஷர் மாத்திரை வேளையில் டப்பாவை என் பக்கம் தள்ளுவாள். கையில் எடுத்துக் கொடுக்க மாட்டாள். "நீயே படிச்சுப் பாத்துப் போட்டுக்க" என்பாள். என் இடது கையைத் தொட மாட்டாள். அந்தப் பக்கம் உட்காரக்கூட மாட்டாள். குப்பத்தில் ஏதோ ஒரு பெண், "புருஷன் நரம்ப உன் கையாலயே அடைச்சிட்டியா?" என்று விளையாட்டாகக் கேட்டிருக்கிறாள். அஞ்சலை ஏலத்துக்கு இரண்டு நாள் போகவில்லை.

ஏழுமலை ஒரு மாலை வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"மச்சான், அக்கா சாப்பிடவே மாட்டேங்குது. ஒரு வார்த்த சொல்லேன்."

"இன்னா சொல்றது?"

"ஓம் மேல தப்பு இல்லன்னு சொல்லு."

"தப்பு இல்லன்னு அவளுக்கே தோணலியே. நான் சொன்னா போயிடுமா?"

"நீ சொல்லவே மாட்டியே எதையும். போட்ல புயல் வந்தாலும் ‘ம்’னுதான சொல்வ" என்றான். பீடியைப் பற்றவைக்காமலே எழுந்து போய்விட்டான்.

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. டாக்டரம்மா நேராகக் கேட்ட அன்று, ‘ஒண்ணுமில்ல’ என்ற ஒரு சொல்லுக்கு மேல் நான் நாலு வார்த்தை பேசியிருந்தால், காயத்துக்கு இப்படி ஒன்று முழுங்குகிறேன் என்று வாயில் வந்திருக்கும். முழுங்கியது நான். அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பந்தை அமுக்கினேன்.

நாட்களை எண்ணவில்லை என்று சொன்னால் பொய். தினம் காலையில் முழங்கைக்கு மேல் துண்டைச் சுற்றிப் பல்லால் இழுத்துப் பிடித்து நரம்பைப் பார்ப்பேன். ஒரு வாரம் மாற்றமில்லை. பத்து நாள் இல்லை. பிறகு ஒரு நாள் மணிக்கட்டுக்கு மேலே, துண்டு கட்டாமலே, தோல் லேசாகத் தூக்கியிருந்தது. கண் ஏமாற்றுகிறது என்று நினைத்தேன். மறுநாளும் இருந்தது. அதிர்வு விரலுக்குத் தட்டியது போய் உள்ளங்கைக்கே தட்டியது. நான் யாரிடமும் சொல்லவில்லை. விரிவது பாதியில் நின்றுபோனால் அஞ்சலை இரண்டாம் தடவை உடைவாள்.

வலது கை ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். அதற்கு ஐந்து நாள் முன்னால், மெஷின் நாளில், கலா சிஸ்டர் ரப்பர் கட்டிப் பார்த்தாள். கட்டிய ரப்பரை அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டிப் பார்த்தாள். டாக்டரம்மாவைக் கூப்பிட்டாள்.

டாக்டரம்மா விரலால் நரம்பின் வழியே முழங்கை வரை நடந்தார். "குத்திப் பாக்கலாம்" என்றார்.

முதல் தரம் இரண்டு ஊசியும் கையில் குத்த மாட்டார்கள். ரத்தம் எடுக்கும் ஊசி மட்டும் கையில். கழுவிய ரத்தம் கழுத்துக் குழாய் வழியாகத் திரும்பிப் போகும். ஊசி தடிமன், வலை பின்னும் ஊசிக்குக் கொஞ்சம் குறைவு. நரம்பில் வலு இல்லாவிட்டால், மெஷின் இழுக்கிற இழுப்பில் அது ஒட்டிக்கொள்ளும். மெஷின் கத்தும். அது கத்தினால் வலது கைதான்.

கலா சிஸ்டர் குத்தினாள். குழாயில் சிவப்பு ஏறியது. மெஷினில் வேகத்தை நூறில் வைத்தாள். பிறகு நூற்றைம்பது. நான் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருநூறு என்றாள். மெஷின் கத்தவில்லை. பத்து நிமிஷம் கத்தவில்லை. பக்கத்துக் கட்டிலில் டவுன்ஷிப் சார் படுத்திருந்தார். "ஓடுதுங்க" என்றார். "ம்" என்றேன். நாலு மணி நேரம் ஓடியது.

மெஷினிலிருந்து எடுத்ததும் டாக்டரம்மா வந்து, வலது கைக்கு எழுதியிருந்த தேதியை அடித்தார். வாசலில் அஞ்சலை நின்றிருந்தாள். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"நான் குடுத்ததாலதான் விரியாம இருந்துதா? நிறுத்தனதாலதான் விரிஞ்சுதா?"

டாக்டரம்மா அவள் பக்கம் திரும்பினார். "இருக்கலாம். பந்து அமுக்கினதால இருக்கலாம். மெதுவா விரியற கையாவும் இருக்கலாம். எனக்குத் தெரியலம்மா."

"படிச்ச உங்களுக்கே தெரியலன்னா நான் யார கேப்பேன்?"

"யாரும் சொல்ல முடியாது. இவரோட கை ஒண்ணுதான். மாத்திரை போட்டும் போடாமலும் ஒரே நேரத்துல பாக்க முடியாதில்ல." பேனாவை மூடினார். "ஆனா ஒண்ணு தெரியும். அன்னிக்கு நீங்க அந்தச் சாருக்கு மாத்திரைய நீட்டாம இருந்திருந்தா, எனக்கு இப்படி ஒண்ணு இருக்கறதே தெரிஞ்சிருக்காது."

அஞ்சலை தலையை ஆட்டினாள். ஒத்துக்கொண்டாளா என்று தெரியவில்லை.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். சீழ் மாத்திரை விஷம் என்று குப்பத்தில் பரவிவிட்டது. கெளுத்தி முள் குத்திய ஒருவன் அதைத் தொட மாட்டேன் என்று கையை வீங்க வைத்துக்கொண்டான். அஞ்சலைதான் அவனைத் திட்டி டாக்டரிடம் அனுப்பினாள். அது விஷமில்லை. கிருமிக்கு நல்ல மருந்து. எனக்கு, அந்தக் கைக்கு, அந்த மூன்று மாதத்துக்கு அது வேண்டாதது. அவ்வளவுதான். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று. டாக்டர் கேட்டால் வாயில் போடுவது எல்லாவற்றையும் சொல்லுங்கள். மருந்து என்று நீங்கள் நினைக்காததையும் சொல்லுங்கள். பேர் தெரியாவிட்டால் கலரைச் சொல்லுங்கள்.

அன்று மூன்று மணி பஸ். கூட்டம் இல்லை. அஞ்சலை ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். நான் அவளுக்கு வலப்பக்கம். என் இடது கை இருவருக்கும் நடுவில். பல நாளைக்குப் பிறகு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். கவனித்து உட்கார்ந்தாளா, அசதியில் உட்கார்ந்தாளா தெரியாது.

பஸ் கிளம்பியதும் சொன்னேன். "டாக்டரம்மா கேட்டப்ப ஒண்ணுமில்லன்னு சொன்னவன் நான்."

"நானும்தான் சொன்னேன்."

"முழுங்கினது நான்."

"குடுத்தது நான்."

"ரெண்டு பேரும்தான்."

அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு லாரி கடந்தது. "ரெண்டு பேரும்னா ஆளுக்குப் பாதியா?" என்றாள்.

"பாதி."

"ம்" என்றாள். அது என் சொல்.

திருக்கழுக்குன்றம் மலை தெரிந்தபோது அவள் கண் மூடியிருந்தது. தலை ஜன்னல் கம்பியில் இரண்டு தரம் இடித்தது, விழிக்கவில்லை. பிறகு இந்தப் பக்கம் சாய்ந்தது. என் தோளில் பட்டு, மெல்ல இறங்கி, இடது மேற்கையில் முழுப் பாரமும் வந்து நின்றது. அந்தக் கையில் பாரம் ஏறக் கூடாது. அழுந்தினால் ஓட்டம் நின்றுவிடும், நரம்பு அடைத்துவிடும் என்று சொல்லியிருந்தார்கள். எழுப்பலாம். ஒரு மாதமாக அவள் தூங்கி நான் பார்க்கவில்லை.

வலது கையைக் குறுக்கே கொண்டுபோய் அவள் கன்னத்துக்குக் கீழே கொடுத்தேன். தலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தேன். இடது கையை உருவி மடியில் வைத்துக்கொண்டேன். கனமான தலை. கண்டக்டர் சில்லறை கொடுக்க வந்தார். அப்புறம் என்று கண்ணைக் காட்டினேன். புதுப்பட்டினம் வரும்வரை அப்படியே பிடித்திருந்தேன்.